கண்டியா, பினாங்கா, நேட்டாலா?

வெளிநாட்டு வேலை பற்றி இப்போது யாரோடு பேசினாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். கனடாவா, ஜெர்மனியா, துபாயா? சம்பளம் எவ்வளவு, வரி போக மிச்சம் எவ்வளவு, பி.ஆர். எத்தனை வருஷத்தில் கிடைக்கும், அப்பா அம்மாவைக் கூட்டிப்போக முடியுமா? எல்லாம் நல்ல கேள்விகள்தான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், வட ஆற்காடு பக்கம் வாழ்ந்த நிலமில்லாத கூலிக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். அவர் முன்னாலும் ஒரு பட்டியல் இருந்தது. இலங்கை, பர்மா, மலாயா, மொரீஷியஸ், நேட்டால், பிற்பாடு பிஜி. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனால் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப். இத்தனையில் ஒன்றை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்? முதலில், தேர்ந்தெடுத்தாரா?

"ஏமாத்திக் கப்பல் ஏத்திட்டாங்க" என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்த பதில். அதில் உண்மை இருக்கிறது. ஆள் பிடிக்கிறவர்கள் பொய் சொன்னார்கள், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கினார்கள், 100 ஆணுக்கு 40 பெண் வேண்டும் என்ற விதியை நிரப்பக் கண்டபடி ஆள் சேர்த்தார்கள். பஞ்ச வருஷங்களில் பொய்கூடத் தேவைப்படவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சோறு என்று யார் சொன்னாலும் பின்னால் போகும் நிலைமை. ஆனால் இலங்கைக்குப் போன ஆட்கள் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் போனார்கள். அண்ணன் போய், தம்பியைக் கூட்டிப் போனார். ஒருமுறை ஏமாறலாம், மூன்றாவது முறையும் ஏமாந்துதான் போனார் என்று எப்படிச் சொல்வது? இவர்கள் கணக்குப் போட்டவர்கள். அந்தக் கணக்கில் எதெல்லாம் இருந்தது, எது இல்லாமல் போனது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அன்றைய பேச்சில் நாடுகளே பெரிதாக இல்லை. இலங்கையின் மலைத்தோட்டம் எதற்குப் போனாலும் 'கண்டிக்குப் போயிருக்கான்'. மலாயாவில் எந்த மூலைக்குப் போனாலும் பினாங்கு. பர்மா என்றால் ரங்கூன். இறங்குகிற இடத்தின் பெயர்தான் நாட்டின் பெயர். ஆட்சி யாருடையது, அங்கே நாம் யார் என்ற கேள்வியே எழவில்லை. எழவும் காரணமில்லை. பெரும்பாலான இடங்களில் ஆண்டது ஒரே வெள்ளைக்காரன். பர்மா 1937 ஏப்ரல் வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனுக்குப் போவது, சட்டப்படி பார்த்தால், பம்பாய்க்குப் போவது மாதிரி.

ஆகவே கேட்ட கேள்விகள் வேறு. எவ்வளவு தூரம்? யார் கூட்டிப் போகிறார்? வழிச்செலவு யார் கணக்கில்? எப்போது திரும்பலாம்?

நேட்டாலை எடுத்துக்கொள்வோம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அன்றைய மதிப்பில் 5 ரூபாய். அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ரேஷன் தனி. ஆனால் ஐந்து வருஷம் கட்டுப்பட்டாக வேண்டும். முதலாளியைப் பிடிக்கவில்லை என்று கிளம்பினால் சிறை. ஐந்து வருஷம் முடிந்தாலும் ஊருக்கு இலவசப் பயணம் உடனே கிடையாது, இன்னொரு ஐந்து வருஷம் காலனியிலேயே இருந்தாக வேண்டும். மொரீஷியஸில் கரும்புத் தோட்டத்தில் ஒருநாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி போகும் என்ற வழக்கம் வேறு. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர் என்று தலை எண்ணிச் சொல்ல முடிகிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்தார். எப்படி இவ்வளவு துல்லியமாக எண்ண முடிகிறது என்பது முக்கியமான விஷயம், பிறகு அதற்கு வருகிறேன்.

இதற்குப் பக்கத்தில் இலங்கையை வைத்துப் பாருங்கள். கடல் சில மணி நேரம். ஐந்து வருஷக் கட்டு கிடையாது, சட்டப்படி மாத ஒப்பந்தம்தான், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் (நோட்டீஸ் இல்லாமல் கிளம்பினால் அது குற்றம்). அதைவிட முக்கியம், கூட்டிப் போகிறவர் முன்பின் தெரியாத டிப்போ ஏஜெண்டு இல்லை. கங்காணி. சொந்த ஊர் அல்லது பக்கத்து ஊர், பல நேரம் சொந்த சாதி, சில நேரம் மாமனோ மச்சானோ. நாளைக்கு ஏதாவது என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இந்த நம்பிக்கைக்கு ஈடாக நேட்டாலின் ஷில்லிங் எதையும் தர முடியாது. இன்றைக்கும் 'அங்க நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்' என்பதற்காகவே நகரத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. அந்த நம்ம ஆளுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பதுதான் குறைவு.

கங்காணிக்கு லாபம் இருந்தது. தோட்டத்துரை கொடுக்கும் முன்பணத்தோடு ஊருக்கு வருவார். வீட்டுக் கடனை அடைக்க, வேட்டி சேலை வாங்க, வழியில் சாப்பிட என்று ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பார். கொடுத்ததெல்லாம் அந்த ஆளின் கடன். பொதுவாகக் கொடுத்ததைவிட எழுதியது அதிகம். தோட்டத்தில் அவர் கூட்டி வந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் படுத்துவிட்டால் அவருக்கும் அன்றைக்குக் காசு இல்லை என்பதால், உடம்பு சரியில்லாதவரை வேலைக்குக் கிளப்புவதில் துரையைவிட கங்காணிதான் குறியாக இருந்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இந்தக் கோஷ்டியின் மொத்தக் கடன் இவ்வளவு, யார் கட்டுகிறார்களோ அவர்களிடம் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மாத நோட்டீசில் விலகலாம் என்று சட்டம் சொன்னது. துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் யார் சேர்ப்பார்? 1921-ல்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

ஆரம்பத்தில் இலங்கைப் பயணம் உண்மையிலேயே போய்வருகிற பயணமாகத்தான் இருந்தது. 1830-களில் தொடங்கிய காபித் தோட்டங்களுக்கு ஆண்டு முழுக்க அத்தனை ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் மாதங்களில் கூட்டம் வேண்டும், முடிந்தால் ஊருக்குப் போகலாம், தை அறுவடைக்கு வயலில் நிற்கலாம். மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக்காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் 100 மைலுக்கு மேல் நடை. தண்ணீர் இல்லாத பாதை, காலரா, மலேரியா. வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நேட்டால் கப்பலில் ஒருவர் இறந்தால் கப்பல் டாக்டரின் பதிவேட்டில் ஒரு வரியாவது எழுதியாக வேண்டும். வன்னிக்காட்டில் இறந்தவருக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

1869-ல் காபி இலையில் துரு நோய் தெரிந்தது. அடுத்த இருபது வருஷத்தில் காபி போய், தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, கொழுந்து வருஷம் பூராவும் வரும். பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும், லயத்தில் பிள்ளை பிறக்கும், பிள்ளையும் கூடை எடுக்கும். போய்வருகிற இடம் இருக்கிற இடமாக மாறியது இப்படித்தான். யாரும் ஒருநாள் உட்கார்ந்து 'இனி இலங்கைதான்' என்று முடிவெடுக்கவில்லை. ஒரு பயிருக்குப் பதில் இன்னொரு பயிர் வந்தது, அவ்வளவுதான். இன்றும் இரண்டு வருஷம் என்று போனவர்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் இருபது வருஷம் தங்கிவிடுவதைப் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி.

மலாயா இந்தப் போட்டிக்குள் சற்றுத் தாமதமாக முழு வேகத்தில் வந்தது. அங்கே முதலில் 'சஞ்சிக் கூலி' என்ற ஒப்பந்த முறைதான், அது 1910-ல் முடிந்தது. அதற்குள் ரப்பர் வந்து ஆள் தேவை எகிறியது. 1907-ல் தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் கட்டாயமாக வசூலித்து ஒரு குடியேற்ற நிதி தொடங்கினார்கள். ஊரிலிருந்து ரயில், டிப்போவில் சாப்பாடு, நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பல், எல்லாம் அந்த நிதியில். கரையிறங்கும்போது கூலிக்காரர் தலையில் வழிச்செலவுக் கடன் இல்லை. ஏதோ நல்ல மனசில் செய்ததில்லை. ஒருவர் செலவு செய்து கூட்டிவந்த ஆளை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவதைத் தடுக்கப் போட்ட கணக்கு அது. ஆனால் கூலிக்காரருக்கு அது பெரிய வித்தியாசம். இலங்கைத் தோட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, 1904-ல் திருச்சியிலேயே லேபர் கமிஷன் ஆபீஸ் திறந்திருந்தார்கள். ஒரே மாவட்டங்களில் இரண்டு நாட்டுக்கும் கங்காணிகள் ஆள் தேடினார்கள். கணக்குப் போட்டவர்கள் மலாயாவுக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றும். நிறையப் பேர் போகவும் செய்தார்கள். ஆனாலும் ஒரு சாவு என்றால் ஓடிவர முடிகிற தூரத்தில் இருந்தது கண்டிதான். பினாங்குக்குக் கப்பலில் கிட்டத்தட்ட ஒரு வாரம்.

(இதே மலாயாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள், ரப்பர் வெட்ட இல்லை. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள், ரயில்வேயிலும் அரசு ஆபீசிலும் கிளார்க்காக. ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பியவர்கள் மலாயன் பென்ஷன்காரர்கள் என்று பெயர் வாங்கினார்கள். ஒரே நாட்டுக்கு ஒரே மொழி பேசும் இரண்டு கூட்டம் இரண்டு வாசல் வழியாக. அது தனியாக எழுத வேண்டிய கதை.)

இப்போது அந்த 1,52,184-க்கு வருவோம்.

ஒப்பந்தக் கூலியாகப் போனவரைக் கப்பல் ஏற்றும் முன் பதிவேட்டில் எழுதினார்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடம்பில் மச்சமோ தழும்போ. ஒரு எண். இது அவர் நன்மைக்காக இல்லை, ஓடினால் பிடிக்க. மொரீஷியஸில் 1867 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவர்கூடப் போட்டோ ஒட்டிய பாஸ் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. அந்தப் போட்டோக்களும் பதிவேடுகளும் இன்று மோகாவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. கொள்ளுப்பேரர்கள் போய் எண்ணைச் சொல்லி முகத்தைப் பார்க்கிறார்கள்.

இலங்கைக்குப் போனவருக்கு இதெல்லாம் இல்லை. 1847-லேயே இந்திய அரசு இலங்கைப் பயணத்தைக் குடிபெயர்வுச் சட்டக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கிவிட்டது. பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரிதானே, தோட்டக்காரர்களும் கேட்கிறார்கள், எதற்கு வம்பு என்று. ஒப்பந்தம் வாய்வார்த்தை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகரத்துண்டு' வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு சின்ன வில்லை, கழுத்தில் தொங்கும். அதைக் காட்டினால் வழியில் சோறும் டிக்கெட்டும் கிடைக்கும், செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அப்பா பெயர், ஊர் எதுவும் அதில் இல்லை. ஆகவே இலங்கைத் தோட்டத் தொழிலாளியைப் பற்றி எழுத்தில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் அவருடைய கடன்தான்.

சுதந்திரமாகப் போகலாம் என்ற வழியில் போனவர்களிடம் காகிதம் இல்லை. அடிமை மாதிரிக் கட்டிப்போட்ட வழியில் போனவர்களிடம் கட்டுக்கட்டாகக் காகிதம். எனக்கு இந்த முரண் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

பொதுக்கவனமும் தலைகீழாகவே போனது. பாரதி பிஜித் தீவுப் பெண்களை நினைத்துப் பாடினார். ஒப்பந்த முறையில் பிஜிக்குப் போன சென்னை மாகாணத்தார் சுமார் 15,000 பேர். காந்தியால் நேட்டால் தெரிந்தது. இந்தக் கொந்தளிப்பில் 1917-ல் ஒப்பந்த முறையையே நிறுத்தினார்கள். நல்லது. ஆனால் பல லட்சம் பேர் போய்க்கொண்டிருந்த கண்டிப் பாதை, அவர்களாக விரும்பிப் போவது என்ற பெயரில் தொடர்ந்தது. 1922 சட்டத்துக்குப் பிறகு பயிற்சி இல்லாத கூலி வேலைக்கு முறைப்படி போக அனுமதி கிடைத்தது இலங்கை, மலாயா இரண்டுக்கு மட்டும்தான். இந்திய அரசு கண்டியிலும் கோலாலம்பூரிலும் ஏஜெண்டுகளை வைத்தது. மலாயாவுக்கு 1938-லும் இலங்கைக்கு 1939-லும் கதவை மூடினார்கள்.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்தவர் என்றோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். பூட்டன் கங்காணி பின்னால் நடந்து வந்தவர். பாட்டன் லயத்தில் பிறந்திருக்கலாம், யார் எழுதி வைத்தார்கள்? 1949-ல் இன்னொரு சட்டம்: கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 7 எம்.பி.க்கள் இருந்தார்கள். 1952-ல் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் ஓட்டு போடுவதற்கு ஆள் இல்லை, பெயரெல்லாம் பட்டியலிலிருந்து எடுத்தாகிவிட்டது.

காகிதம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் அத்தனை பதிவேடு இருந்தும் இந்தியர்களை நிரந்தரக் குடிகளாக ஏற்க 1961 வரை ஆனது. 1927 ஒப்பந்தத்தில் தலைக்கு 20 பவுண்டு தந்து ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். இலங்கையிலும் முடிவு அரசியல் முடிவுதான், மலைநாட்டின் ஓட்டைக் கண்டு வந்த பயம். ஆனால் அதை நிறைவேற்ற கையில் கிடைத்த ஆயுதம் பிறப்புச் சான்று. மலேசியாவிலும் இந்தக் கதையின் சின்னப் பதிப்பு உண்டு. 1957-க்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல், சிவப்பு ஐ.சி.யோடு தோட்டத்திலேயே இருந்தவர்களுக்கு 1969 வாக்கில் வேலை பெர்மிட் வேண்டும் என்றானது. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். 1926-லிருந்து சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த 'ரஜூலா' அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்பிக்காததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை. படிவத்தை நிரப்பத் தெரியாது, நாம் எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள்தானே என்ற பழைய எண்ணமும் விடவில்லை. பர்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தார்கள். 1964-ல் கடை கண்ணியெல்லாம் தேசியமயமானபோது மிச்சமிருந்தவர்களில் ஏராளமானவர்கள் கிளம்பினார்கள். நிலமே எழுதி வாங்கியிருந்த செட்டியார்களுக்கும் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த நாட்டுக்குப் போவது என்ற கேள்வியை இந்த முறை இரண்டு அரசுகள் தங்களுக்குள் கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டன. தோட்டத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பிற்பாடு விண்ணப்பம் போடச் சொன்னபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள், இந்தியா எடுத்துக்கொள்வதாகச் சொன்ன எண்ணிக்கையைவிடக் குறைவு. விண்ணப்பம் போட்ட பலர் பார்த்திராத ஊர்தான் இந்தியா. யாருடைய கணக்கிலும் சேராமல் எஞ்சியவர்களுக்கு இலங்கை 2003-ல் சட்டம் போட்டுக் குடியுரிமை தந்தது.

வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. இன்றைய டான்டீ அதிலிருந்து வந்ததுதான். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்தவர்கள் ஹட்டனிலும் பதுளையிலும் கொழுந்து பறித்துப் பழகிய கைகள். அவர்களில் பலர் இந்தியக் கரையில் முதலில் கால் வைத்துத் தங்கிய இடம் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. கண்டிக்குப் போகிறவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, தகரத்துண்டைச் சரிபார்த்துப் படகேற்றிய அதே இடம். பேரப்பிள்ளைகள் பாஸ்போர்ட்டோடும், குடும்பத்தார் பெயரெல்லாம் எழுதிக் கண்டி அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையோடும் அதே வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். 1983-க்குப் பிறகு அங்கே அகதிகளைத் தங்கவைத்தார்கள்.